அணுக்கருவின் கதை – 23: கரைந்ததும் கூடியதும்

1986இல் ‘பிசிக்ஸ் லெட்டர்ஸ் பி’ இதழில் ஏழு பக்கக் கட்டுரை ஒன்று வெளிவந்தது. எழுதியவர்கள் ஜப்பானியரான டெட்சுவோ மட்சுயி, ஜெர்மானியரான ஹெல்முட் சாட்ஸ். கனமான அணுக்கருக்களைப் பெருவேகத்தில் மோதவிடும்போது குவார்க்-குளுவான் பிளாஸ்மா பிறந்தால், ஜே/சை என்ற துகள் வழக்கத்தைவிடக் குறைவாகவே கிடைக்கும் என்றார்கள். அதோடு நிறுத்தவில்லை. பிளாஸ்மாவைத் தவிர வேறு எதுவும் இந்தக் குறைவை உண்டாக்கும் என்று தோன்றவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார்கள்.

முதல் கூற்று இன்றும் நிற்கிறது. இரண்டாவது இரண்டே ஆண்டுகளில் ஆட்டம் கண்டது. அந்த இரண்டாவது கூற்றை மறுத்தவர்களைத்தான் நான் இந்த அத்தியாயத்தின் நாயகர்களாகக் கருதுகிறேன். அவர்கள் எழுப்பிய ஒவ்வொரு ஆட்சேபணைக்கும் ஓர் அளவீடு பதிலாகத் தேவைப்பட்டது. அந்த அளவீடுகள் சேர்ந்துதான் கடைசியில் பிளாஸ்மாவுக்கு உறுதியான சாட்சியம் தந்தன. அதற்குக் கால் நூற்றாண்டு ஆயிற்று.

தனிக் குவார்க்கை யாராலும் பிடித்து வைக்க முடியவில்லை என்பதோடு சென்ற அத்தியாயத்தை நிறுத்தியிருந்தோம். புரோட்டானுக்குள் மூன்று, மெசானுக்குள் ஒரு குவார்க்கும் ஓர் எதிர்க்குவார்க்கும் என்று எப்போதும் கூட்டாகவே அவை இருக்கின்றன. வெப்பத்தை ஏற்றிக்கொண்டே போனால் இந்தக் கட்டு அவிழ்ந்துவிடும் என்று 1975இல் இத்தாலியின் நிக்கோலா கபிபோவும் ஜார்ஜியோ பரீசியும் எழுதினார்கள். கட்டு அவிழும் வெப்பநிலை ஏறத்தாழ 1.8 லட்சம் கோடி டிகிரி என்று இன்றைய கணினிக் கணக்குகள் சொல்கின்றன. சூரியனின் மையத்தைப்போல ஒரு லட்சம் மடங்குக்கும் அதிகம். பெருவெடிப்புக்குப் பிந்தைய முதல் சில மைக்ரோ நொடிகளில் பிரபஞ்சம் முழுவதும் கட்டவிழ்ந்த இந்தப் பிளாஸ்மா நிலையில்தான் இருந்தது.

ஆய்வகத்தில் இந்த நிலையை உண்டாக்க ஒரே வழி, கனமான அணுக்கருக்களை மோதவிடுவது. அப்படி ஒரு தீத்துளி பிறந்தாலும் அதன் ஆயுள் ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கை எடுத்து, அதையும் பத்தாயிரம் கோடி பங்காக்கினால் கிடைப்பதில் சில மடங்கு மட்டுமே. விரிந்து, குளிர்ந்து, ஆயிரக்கணக்கான சாதாரணத் துகள்களாகச் சிதறிவிடும். அது இருந்ததற்கு எதைச் சாட்சியாகக் காட்டுவது? மட்சுயியும் சாட்ஸும் சாட்சியாக முன்னிறுத்தியது ஜே/சையை.

அந்தத் துகளுக்குப் பன்னிரண்டு வயதுதான் ஆகியிருந்தது. 1974 நவம்பர் 11ஆம் தேதி அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் ஒரே கண்டுபிடிப்பை ஒரே நாளில் அறிவித்தன. ப்ரூக்ஹேவன் ஆய்வகத்தில் சாமுவேல் டிங்கின் குழு புரோட்டான் கற்றையைப் பெரிலியத்தில் மோதவிட்டு, வெளிவந்த எலெக்ட்ரான்-பாசிட்ரான் ஜோடிகளை அளந்திருந்தது. கலிபோர்னியாவில் பர்ட்டன் ரிக்டரின் குழு எலெக்ட்ரானையும் பாசிட்ரானையும் நேருக்கு நேர் மோதவிட்டிருந்தது. ஒருவர் ஜே என்றார், மற்றவர் சை என்றார். இரண்டு பெயரும் சேர்ந்தே நிலைத்துவிட்டன. 1976 நோபல் பரிசை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள்.

புரோட்டானைப்போல 3.3 மடங்கு நிறை கொண்ட அந்தத் துகளுக்குள் இருந்தது சார்ம் என்ற நான்காவது குவார்க்கும் அதன் எதிர்க்குவார்க்கும். அப்படி ஒரு குவார்க் இருந்தே தீரவேண்டும் என்று 1970இலேயே ஷெல்டன் கிளாஷோ, ஜான் இலியோபவுலோஸ், லூசியானோ மயானி மூவரும் காரணம் காட்டி எழுதியிருந்தார்கள். மயானியின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் இந்தக் கதையில் இன்னொரு முறை வருகிறார்.

சார்ம் குவார்க் கனமானது என்பதில்தான் மட்சுயி-சாட்ஸ் யோசனையின் வலு இருந்தது. புரோட்டானுக்குள் இருக்கும் இலேசான குவார்க்குகளைத் தீத்துளியின் வெப்பமே ஜோடி ஜோடியாக உண்டாக்கிவிடும். எது எப்போது பிறந்தது என்று சொல்ல வழியில்லை. சார்மின் நிறை அதற்கு மிக அதிகம். இரு அணுக்கருக்களும் ஒன்றையொன்று ஊடுருவும் முதல் கணத்தில், பெரும்பாலும் குவார்க்குகளைப் பிணைக்கும் குளுவான்கள் ஒன்றோடொன்று பலமாக மோதிக்கொள்ளும் இடத்தில்தான் அது பிறக்கிறது. அதாவது பிளாஸ்மா உருவாகும் முன்பே பிறந்து, பிளாஸ்மாவின் முழு வாழ்வையும் உள்ளிருந்து பார்க்கிறது. கனமான குவார்க்குகளைத் தேடி இயற்பியலாளர்கள் இத்தனை ஆண்டுகள் அலைந்ததற்கு இதுவே காரணம்.

இனி ஜோடி எப்படிப் பிரிகிறது என்று பார்ப்போம். உப்புக் கரைசலில் ஒரு நேர் அயனியைச் சுற்றி எதிர் அயனிகள் கூடி, அதன் மின்விசையைத் தூரத்தில் தெரியாமல் மறைத்துவிடுகின்றன என்று 1923இல் பீட்டர் டிபையும் எரிக் ஹூக்கலும் கணக்கிட்டுக் காட்டியிருந்தார்கள். குவார்க்குகளும் குளுவான்களும் கட்டவிழ்ந்து திரியும் பிளாஸ்மாவிலும் அதே மறைப்பு நிகழும். சார்மையும் எதிர்ச்சார்மையும் இழுத்துப் பிடித்திருக்கும் விசை சிறிது தூரத்திலேயே அற்றுப்போகும். வெப்பம் ஏற ஏற அந்தத் தூரம் சுருங்கும். ஜே/சையின் அளவைவிட அது சிறிதாகிவிட்டால் ஜோடி நிலைக்காது. பிரிந்த சார்ம், கூட்டத்தில் தாராளமாகக் கிடைக்கும் ஏதாவதோர் இலேசான எதிர்க்குவார்க்கோடு சேர்ந்து டி மெசானாக வெளியேறிவிடும்.

தப்பிய ஜே/சை என்ன ஆகும்? அதன் ஆயுள் தீத்துளியின் ஆயுளைப்போல நூறு மடங்குக்கும் அதிகம். எனவே எல்லாம் அடங்கிய பிறகு, வெளியே வெற்றிடத்தில்தான் அது சிதைகிறது. ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு ஜே/சைகள் இரண்டு மியூவான்களாகச் சிதைகின்றன. மியூவான் தடித்த இரும்பையும் கரியையும் கடந்து வந்துவிடும். மற்றத் துகள்கள் பெரும்பாலும் அதில் சிக்கி நின்றுவிடும். ஆகவே தடுப்புக்குப் பின்னால் நின்று மியூவான் ஜோடிகளை எண்ணினால், பிளாஸ்மாவைப் பிழைத்து வந்த ஜே/சைகளை எண்ணியதாகிவிடும்.

இந்த வேலைக்கான கருவி ஜெனீவாவில் தயாராக இருந்தது. செர்ன் ஆய்வகத்தின் எஸ்.பி.எஸ். முடுக்கியில் என்.ஏ.10 என்ற சோதனைக்காகச் செய்த மியூவான் நிறமாலைமானியை லூயி க்ளூபெர்க் தலைமையிலான குழு எடுத்துக்கொண்டு, என்.ஏ.38 என்ற பெயரில் அணுக்கரு மோதல்களைப் படிக்கத் தொடங்கியது. 1986 இலையுதிர் காலத்தில் ஆக்சிஜன் கற்றை வந்தது. மறு ஆண்டு கந்தகம். ஒவ்வொரு நியூக்ளியானுக்கும், அதாவது ஒவ்வொரு புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும், 200 கிகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல். இலக்கு யுரேனியம்.

எண்ணிக்கை குறைந்தது என்று சொல்ல ஓர் அளவுகோல் வேண்டுமல்லவா? மோதும் அணுக்கருக்களில் ஒன்றின் குவார்க்கும் மற்றதன் எதிர்க்குவார்க்கும் அழிந்து, நேரடியாக மியூவான் ஜோடியாவது உண்டு. டிரெல்-யான் நிகழ்வு என்று பெயர். மியூவான்களைப் பிளாஸ்மாவின் வலுவிசை தொடாது. ஆகவே அந்த எண்ணிக்கை பிளாஸ்மாவால் மாறாது. அதை வகுக்கும் எண்ணாக வைத்து ஜே/சையை அளந்தார்கள். ஓரமாக உரசிச் சென்ற மோதல்களோடு ஒப்பிட்டால், நேருக்கு நேர் மோதியவற்றில் ஜே/சை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 1987 ஆகஸ்டில் ஜெர்மனியின் நார்ட்கிர்ஷனில் கூடிய ‘குவார்க் மேட்டர்’ மாநாட்டில் பேச்செல்லாம் இந்த முடிவைப் பற்றியே. கணிப்பு வெளியாகி ஓராண்டு ஆகியிருக்கவில்லை; குறைவு கண்முன் நின்றது.

கொண்டாட்டம் நீடிக்கவில்லை. 1988இல் க்ளோடி ஜெர்ஷெல், ஜோர்க் ஹ்யூஃப்னர் என்ற இருவர் ஓர் எளிய கேள்வியை முன்வைத்தார்கள். ஜெர்ஷெல் என்.ஏ.38 குழுவிலேயே பணியாற்றியவர். தன் குழுவின் பெருமைக்குரிய முடிவைத் தானே சோதித்துப் பார்க்கும் நேர்மை அவருக்கு இருந்தது. புரோட்டானை அணுக்கருவில் மோதவிட்டாலும் ஜே/சை குறையத்தானே செய்கிறது? அங்கே பிளாஸ்மா ஏது? பிறந்த ஜோடி அணுக்கருவை விட்டு வெளியேறும் வழியில் சாதாரணப் புரோட்டான்களிலும் நியூட்ரான்களிலும் மோதி உடைகிறது. ஆக்சிஜனும் கந்தகமும் கொண்டுவந்த குறைவுக்கு இந்தக் குளிர்ந்த பொருளே போதும் என்று அவர்கள் கணக்குக் காட்டினார்கள். வேறு காரணம் தோன்றவில்லை என்ற மட்சுயி-சாட்ஸ் வாக்கியத்துக்குக் காரணம் ஒன்று கிடைத்துவிட்டது.

அன்று இதை ஒரு பின்னடைவாகப் பார்த்தவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. குறைவைக் கண்டதும் பிளாஸ்மா என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருந்தால், இன்று அந்த முடிவுக்கு மதிப்பே இருந்திராது. ஜெர்ஷெலும் ஹ்யூஃப்னரும் ஒரு கோட்டைக் கிழித்துக் கொடுத்தார்கள்: குளிர்ந்த அணுக்கரு மட்டும் எவ்வளவு விழுங்கும் என்ற கோடு. அதற்கும் கீழே இறங்கினால்தான் புதிய பொருளைப் பற்றிப் பேச்சு. அதன்பின் இந்தத் துறையில் கனமான அணுக்கருக்களை மோதவிட்ட ஒவ்வொரு முடுக்கியும், கூடவே புரோட்டானையோ டியூட்ரானையோ அணுக்கருவில் மோதவிட்டு அந்தக் கோட்டை அளந்துகொண்டது. அமெரிக்காவில் டியூட்ரான்-தங்கம், ஜெனீவாவில் புரோட்டான்-ஈயம் என்று ஓட்டங்கள் நடந்ததற்கு இந்த ஆட்சேபணையும் ஒரு வேர்.

கோட்டுக்குக் கீழே இறங்கியது ஈயம். 1994இன் கடைசியில் எஸ்.பி.எஸ். முடுக்கிக்கு ஈயக் கற்றை வந்தது. என்.ஏ.38இன் வாரிசான என்.ஏ.50, ஈயத்தை ஈயத்தில் மோதவிட்டது. 1996இல் ஹைடல்பெர்க் மாநாட்டில் அவர்கள் காட்டிய வரைபடத்தில், ஓரமான மோதல்கள் பழைய கோட்டின் மேலேயே அமர்ந்திருந்தன. நேரான மோதல்களை நோக்கிப் போகப் போகப் புள்ளிகள் கோட்டை விட்டு விலகிக் கீழே சரிந்தன. அதற்கு ‘இயல்புக்கு மாறான குறைவு’ என்று பெயர் வைத்தார்கள். பிரான்சின் ழான்-போல் ப்ளேஸோ, ழான்-இவ் ஒலித்ரோ இருவரும் ஆற்றல் அடர்த்தி ஓர் எல்லையைத் தாண்டும் இடத்தில் எல்லா ஜே/சையும் கரைந்துவிடுகிறது என்று வைத்துக்கொண்டாலே இந்தச் சரிவு வந்துவிடுகிறது என்று காட்டினார்கள். மறுதரப்பும் விடவில்லை. மோதலில் கூடவே பிறந்து கூடவே ஓடும் பையான் என்ற எண்ணற்ற இலேசான மெசான்கள் ஜே/சையில் இடித்து உடைத்திருக்கலாமே என்றார்கள். அந்த வாதத்தை எஸ்.பி.எஸ். தரவு மட்டும் வைத்து யாரும் முழுவதுமாக மூடிவிடவில்லை.

2000 பிப்ரவரி 10. செர்ன் ஒரு சிறப்புக் கருத்தரங்கைக் கூட்டி, குவார்க்குகள் கட்டவிழ்ந்து திரியும் புதிய பொருள்நிலைக்கு வலுவான ஆதாரம் கிடைத்திருப்பதாக அறிவித்தது. ஏழு சோதனைகளின் முடிவுகளை ஒன்றாக வைத்துச் சொன்ன அறிவிப்பு அது; ஜே/சையின் குறைவு அதில் முக்கியத் தூணாக இருந்தது. அன்று செர்னின் தலைமை இயக்குநர் லூசியானோ மயானி. சார்ம் குவார்க் இருந்தாக வேண்டும் என்று முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிய மூவரில் ஒருவர், அந்தக் குவார்க் சாட்சி சொன்ன அறிவிப்பைத் தலைமையேற்று வெளியிட்டார்.

அறிவிப்பின் சொற்கள் கவனமானவை. கண்டுபிடித்துவிட்டோம் என்று அது சொல்லவில்லை. அந்தக் கவனம் சரிதான் என்பதை அடுத்த பத்தாண்டுகள் காட்டின.

அதே ஆண்டு ஜூன் மாதம் ப்ரூக்ஹேவனில் ‘ரிக்’ மோதுகருவி ஓடத் தொடங்கியது. எஸ்.பி.எஸ்.இல் கற்றை நின்றிருக்கும் இலக்கில் மோதியது; இங்கே இரண்டு தங்கக் கற்றைகள் எதிரெதிரே வந்தன. ஒரு நியூக்ளியான் ஜோடிக்குக் கிடைக்கும் மோதல் ஆற்றல் ஏறத்தாழ 17 கிகா எலெக்ட்ரான் வோல்ட்டிலிருந்து 200க்கு ஏறிவிட்டது. தீத்துளி இன்னும் சூடாக, இன்னும் அடர்த்தியாக இருக்கும். ஜே/சை இன்னும் அதிகமாகக் கரைந்திருக்க வேண்டும்.

கரையவில்லை. ரிக்கின் ஃபீனிக்ஸ் சோதனை 2007இல் வெளியிட்ட முடிவில் குறைவு எஸ்.பி.எஸ்.இல் கண்ட அதே அளவை ஒட்டியே இருந்தது. இன்னொரு விந்தையும் சேர்ந்துகொண்டது. மோதலின் நடுப்பகுதியில்தான் தீத்துளி அடர்த்தி மிகுந்தது. குறைவும் அங்கேதான் அதிகமாக இருக்கவேண்டும். ஆனால் கற்றையின் திசையை ஒட்டிப் பறந்த ஜே/சைகளில் குறைவு அதிகம், நடுவில் பிறந்தவற்றில் குறைவு கம்மி. வெறும் கரைதலை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது.

இரண்டு விளக்கங்கள் வந்தன. இரண்டுமே அழகானவை, எதை ஏற்பது என்பதில் பல ஆண்டுகள் கருத்து வேறுபாடு இருந்தது.

முதலாவது சாட்ஸின் தரப்பு. நாம் எண்ணும் ஜே/சைகளில் ஏறத்தாழ 60 விழுக்காடுதான் நேரே ஜே/சையாகப் பிறந்தவை. மீதி, கை-சி, சை-பிரைம் என்ற கிளர்ந்த நிலைகளாகப் பிறந்து, பிறகு சிதைந்து ஜே/சை ஆனவை. அந்த நிலைகளில் சார்மும் எதிர்ச்சார்மும் தளர்வாக, தள்ளித் தள்ளி இருக்கின்றன, சீக்கிரம் கரையும். ஜே/சை இறுகக் கட்டியது. 2004இல் ஜப்பானின் மசயூகி அசகாவாவும் டெட்சுவோ ஹட்சுடாவும் கணினியில் குவார்க் விசையை நேரடியாகக் கணக்கிட்டபோது, கட்டவிழும் வெப்பநிலையைப்போல 1.6 மடங்கு வரை ஜே/சை தாக்குப் பிடிப்பதாகத் தெரிந்தது. அப்படியானால் எஸ்.பி.எஸ்.இலும் சரி, ரிக்கிலும் சரி, கரைந்தவை தளர்ந்த நிலைகள் மட்டுமே; ஜே/சை இன்னும் கரையத் தொடங்கவே இல்லை. 2006இல் ஃபிரித்யோஃப் கார்ஷ், டிமிட்ரி கார்சீவ் இருவரோடு சேர்ந்து சாட்ஸ் இதை எழுதினார்.

இரண்டாவது விளக்கம் கணிப்பையே தலைகீழாக்கியது. ஜெர்மனியின் பீட்டர் பிரவுன்-முன்சிங்கரும் யோஹானா ஷ்டாகலும் 2000இல் எழுதியது இது. ஜே/சை எல்லாமே கரைந்துவிடட்டும். ஆனால் தீத்துளி குளிர்ந்து குவார்க்குகள் மறுபடி கூட்டுச் சேரும் வேளையில், பிரிந்து திரிந்த சார்மும் எதிர்ச்சார்மும் அருகருகே வந்தால் புதிய ஜே/சை பிறக்குமே? அமெரிக்காவில் ராபர்ட் தியூஸ், மார்ட்டின் ஷ்ரோடர், யோஹான் ரஃபெல்ஸ்கி மூவரும் 2001இல் கொஞ்சம் வேறு வழியில் இதே இடத்துக்கு வந்தார்கள்: குளிரும் வரை காத்திருக்க வேண்டாம், பிளாஸ்மாவுக்குள்ளேயே பிரிதலும் சேர்தலும் மாறி மாறி நடக்கலாம்.

கோயில் வாசலில் கழற்றிவிட்ட செருப்புக் குவியலை எண்ணிப் பாருங்கள். குவியல் கலைந்துவிட்டால் உங்கள் ஒரு ஜோடி மறுபடி சேர்வது அரிது. அங்கே ஒரே அளவில், ஒரே வார்ப்பில் நூறு ஜோடி கலைந்து கிடந்தால்? எந்த இடதை எடுத்தாலும் பக்கத்தில் பொருத்தமான வலது ஒன்று கிடக்கும். சார்ம் குவார்க்குகளுக்குள் வேறுபாடு கிடையாது. எனவே கேள்வி ஒன்றுதான்: ஒரு மோதலில் எத்தனை ஜோடி?

எஸ்.பி.எஸ்.இல் நேரான ஈய மோதலிலும்கூட ஒரு சார்ம் ஜோடி தேறாது. பல மோதல்களுக்கு ஒன்று. பிரிந்தால் பிரிந்ததுதான். ரிக்கில் ஒரு மோதலுக்குச் சுமார் பத்து. செர்னின் அடுத்த மோதுகருவியான எல்.எச்.சி.யில் பல பத்துகள், ஏறத்தாழ நூறு வரை. மேலும் இந்தச் சேர்க்கை, ஜோடிகளின் எண்ணிக்கை இரட்டித்தால் இரட்டிக்காது, ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஒவ்வொரு சார்முக்கும் துணை தேடும் வாய்ப்பும் கூடிவிடுகிறதே. சார்ம் மிகுந்து பிறப்பது மோதலின் நடுப்பகுதியில் என்பதால், ஃபீனிக்ஸ் கண்ட விந்தைக்கும் இதில் இடம் இருந்தது.

இப்போது இரு தரப்புக்கும் நடுவே தெளிவான தீர்ப்பு சாத்தியமாயிற்று. சாட்ஸின் தொடர் கரைதல் மட்டுமே உண்மை என்றால், எல்.எச்.சி.யின் கூடுதல் வெப்பத்தில் ஜே/சையும் கரைந்து எண்ணிக்கை மேலும் விழவேண்டும். மறுசேர்க்கை உண்மை என்றால் எண்ணிக்கை ஏறவேண்டும். ஒன்று கீழே, மற்றது மேலே. இயற்பியலில் இரண்டு கருத்துகள் இவ்வளவு நேராக எதிரெதிர்த் திசை காட்டுவது அடிக்கடி நடப்பதில்லை.

2010 நவம்பரில் எல்.எச்.சி.யில் முதல் ஈய மோதல்கள் நடந்தன. நியூக்ளியான் ஜோடிக்கு 2,760 கிகா எலெக்ட்ரான் வோல்ட். ரிக்கைப்போல 14 மடங்கு. இந்த மோதல்களுக்கென்றே கட்டிய ஆலிஸ் சோதனையில் ஏறத்தாழ 4 மீட்டர் தடிமனுள்ள தடுப்புக்குப் பின்னால் மியூவான் கருவி நின்றது. இதில் நம் நாட்டுப் பங்கும் உண்டு. கொல்கத்தாவின் சாகா அணுக்கரு இயற்பியல் நிறுவனமும் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகமும் அதன் உணர்தளங்களில் ஒரு நிலையத்தைக் கட்டின. மியூவான் தடத்தின் மின்குறிப்பைப் படிக்கும் ‘மானஸ்’ என்ற சில்லு கொல்கத்தாவில் வடிவமைக்கப்பட்டு சண்டிகர் அருகே உற்பத்தியானது.

ஆலிஸ் முடிவு 2012இல் வெளிவந்தது. அணுக்கருவை வெறும் நியூக்ளியான்களின் மூட்டையாக எண்ணிக் கணக்கிட்டால் எவ்வளவு ஜே/சை வரவேண்டுமோ, அதில் 0.545 பங்கு கிடைத்தது. எதுவும் நடக்கவில்லை என்றால் இந்த எண் 1ஆக இருந்திருக்கும். நேரான மோதல்களில் ரிக் கண்ட எண் ஏறத்தாழ 0.2, இங்கே அதைப்போல இருமடங்குக்கும் மேல். மேலும் மோதல் நேராக ஆக ஆக எண் சரியவும் இல்லை. ஓரளவுக்குப் பின் தட்டையாகவே நின்றது. கூடுதலாகக் கிடைத்த ஜே/சைகள் மெதுவாக நகர்பவையாக இருந்தன. பிளாஸ்மாவில் உலவித் தணிந்த சார்ம்கள் சேர்ந்தால் அப்படித்தான் இருக்கும்.

அதிக வெப்பம், ஆனால் அதிக ஜே/சை. கட்டவிழ்ந்த குவார்க்குகள் தீத்துளி முழுவதும் உலவாமல் இது நடக்காது. ஒரு சார்ம் தான் பிறந்த இடத்தை விட்டுப் போய், வேறோர் இடத்தில் பிறந்த எதிர்ச்சார்மோடு சேர வேண்டுமென்றால், நடுவே இருப்பது குவார்க்குகள் சுற்றித் திரியக்கூடிய பொருளாக இருந்தாக வேண்டும். 1986இல் எதிர்பார்த்த சாட்சியம் குறைவு. அதைவிட ஆழமான சாட்சியமாக 2012இல் வந்தது மீட்சி. இதை ஒரு கணிப்பின் தோல்வி என்று சிலர் எழுதுகிறார்கள். நான் உடன்படமாட்டேன். ஜோடி பிரியும் என்று சாட்ஸும் மட்சுயியும் சொன்னது நடந்தால்தான் மறுசேர்க்கைக்குச் சார்மே கிடைக்கும்.

தொடர் கரைதல் என்ற கருத்தும் கைவிடப்படவில்லை. அதற்கு நியாயம் வழங்கியது சார்ம் அல்ல, பாட்டம்.

1977இல் ஃபெர்மி ஆய்வகத்தில் லியோன் லெடர்மனின் குழு புரோட்டானைப்போலப் பத்து மடங்கு நிறையுள்ள அப்சிலானைக் கண்டது. அதற்குள் பாட்டம் என்ற ஐந்தாவது குவார்க்கும் அதன் எதிரும். அப்சிலானுக்கு மூன்று படிகள் உண்டு: இறுக்கமான முதல் நிலை, தளர்ந்த இரண்டாவது, மிகத் தளர்ந்த மூன்றாவது. பாட்டம் ஜோடிகள் எல்.எச்.சி.யிலும் மிகக் குறைவாகவே பிறப்பதால் மறுசேர்க்கையின் குழப்பம் அதில் சிறிது. கரைவதை மட்டும் தனியே பார்க்க அதைவிட நல்ல துகள் கிடையாது.

எல்.எச்.சி.யின் சி.எம்.எஸ். சோதனையின் 3.8 டெஸ்லா காந்தம் மியூவான்களின் உந்தத்தைத் துல்லியமாக அளப்பதால், மூன்று நிலைகளும் வரைபடத்தில் மூன்று தனித்தனி முகடுகளாகத் தெரியும். புரோட்டான்-புரோட்டான் மோதல்களில் மூன்றும் தெளிவாக நின்றன. ஈய மோதல்களில் முதல் முகடு உயரம் குறைந்து நின்றது, இரண்டாவது கிட்டத்தட்ட அமிழ்ந்துவிட்டது, மூன்றாவதைக் காணோம். 2012இல் அவர்கள் தந்த எண்கள்: முதல் நிலை 0.56, இரண்டாவது 0.12, மூன்றாவது 0.10க்கும் கீழே. கட்டு எவ்வளவு தளர்வோ, இழப்பு அவ்வளவு அதிகம். அந்த மூன்று முகடுகள் கொண்ட இரு வரைபடங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, விளக்கம் படிக்காதவர்க்கும் நடந்தது புரிந்துவிடுகிறது. இந்தத் துறையில் வேறெந்தப் படமும் என்னை இந்த அளவு கட்டிப்போட்டதில்லை.

ஆனால் கரைதல் என்பதன் பொருள் இதற்குள் மாறியிருந்தது. 1986 கட்டுரையில் விசை மறைந்து ஜோடி நழுவுகிறது. 2007இல் மிக்கோ லைனே, ஓவே ஃபிலிப்சன் முதலானோர், விசை முழுதும் மறையும் முன்பே பிளாஸ்மாவின் குளுவான்கள் ஜோடியை இடைவிடாமல் இடித்து உடைத்துவிடும் என்று கணக்கிட்டார்கள். எனவே ஜே/சை இத்தனை டிகிரியில் கரையும் என்ற கூர்மையான எல்லை கிடையாது. வெப்பம் ஏற ஏற ஆயுள் படிப்படியாகக் குறைகிறது. துகளை வெப்பமானியாகப் பயன்படுத்தலாம் என்ற பழைய ஆசையை இது கொஞ்சம் தளர்த்தியது.

மறுசேர்க்கைக்கு இன்னொரு பரீட்சை மீதமிருந்தது. இரண்டு அணுக்கருக்கள் சற்றே விலகி மோதும்போது தீத்துளி உருண்டையாக இல்லாமல் பாதாம் பருப்பின் வடிவில் பிறக்கிறது. குறுக்குவாட்டில் அழுத்தம் அதிகம் என்பதால் அந்தத் திசையில் துகள்கள் கூடுதலாகப் பாய்கின்றன. முதல் கணத்திலேயே பிறந்து யாரோடும் கலக்காமல் வெளியேறிய ஜே/சைக்கு இந்தப் பாய்ச்சல் இருக்காது. பிளாஸ்மாவோடு அடித்துச் செல்லப்பட்ட சார்ம்கள் சேர்ந்து பிறந்த ஜே/சைக்கு இருக்கும். ரிக்கில் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. 2017இல், 5,020 கிகா எலெக்ட்ரான் வோல்ட் மோதல்களில், ஆலிஸ் அதைத் தெளிவாகக் கண்டது. ஜே/சை பிளாஸ்மாவின் பாய்ச்சலில் பங்குபெற்றிருந்தது.

அப்படியென்றால் புரோட்டானைவிட நிறை மிகுந்த சார்ம் குவார்க்கைக்கூட அந்தப் பிளாஸ்மா தன்னோடு இழுத்துச் செல்கிறது. இது நம்மை வேறொரு வியப்புக்குக் கொண்டுபோகிறது. கனமான குவார்க் குளுவான்களை எளிதில் உதிர்க்காது, ஆகவே பிளாஸ்மாவை அதிக இழப்பின்றிக் கடந்துவிடும் என்று 2001இல் யூரி டோக்ஷிட்சரும் டிமிட்ரி கார்சீவும் காரணத்தோடு எழுதியிருந்தார்கள். ஆறு ஆண்டுகளுக்குள் ரிக்கின் ஃபீனிக்ஸ், ஸ்டார் இரண்டு சோதனைகளும் சார்ம், பாட்டம் சிதைவிலிருந்து வந்த எலெக்ட்ரான்களை எண்ணிப் பார்த்தன. எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக அவை தடுக்கப்பட்டிருந்தன. இலேசான குவார்க்குகள் பட்ட பாட்டை ஏறக்குறைய இவையும் பட்டிருந்தன. டோக்ஷிட்சரின் காரணம் தவறா, அல்லது பிளாஸ்மாவுக்கு நாம் அறியாத பிடி இருக்கிறதா என்று எழுந்த விவாதத்தை அடுத்த அத்தியாயத்தில் எடுத்துக்கொள்வோம்.

(தொடரும்)